முகம் திருப்பிய ராஜகுமாரன்

கொழும்புப் புறக்கோட்டையில் எங்கள் ஜவுளிக் கடைக்கு வந்திறங்கிய கைலி மூட்டை ஒன்றின்மேல் 'குமாரபாளையம்' என்று முத்திரை குத்தியிருந்தது. சித்தப்பா கத்தியால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக் களைத்து வந்த நான் அந்த மூட்டையின்மேல் உட்காரப் போய், எழுத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அந்த ஊர்ப் பெயரை அதற்கு முன் ஒரே ஓர் இடத்தில்தான் படித்திருந்தேன். அது ஒரு நாடக நோட்டீஸ். 'ராஜபார்ட்: குமாரபாளையம் மாஸ்டர் கந்தவேலு.'

"சித்தப்பா, இந்த ஊருக்கு எப்பப் போறீங்க?"

"அடுத்த மாசம். ஏன் கேக்குற பிள்ளை?"

"நானும் வாறேன்."

சித்தப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு ஜுரமா என்று பார்த்திருப்பார்.

விஷயம் இதுதான். எனக்கு ஏழு வயதில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பாய்ஸ் கம்பெனி கொழும்புக்கு நாடகம் போட வந்தது. பதினாலு, பதினைந்து வயதுப் பையன்களே ராஜாவும் ராணியும். அதில் நாடு கடத்தப்படும் ராஜகுமாரனாக வந்தார் கந்தவேலு. வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் விடைபெறும் பாட்டு ஒன்று உண்டு. அடி மேலே ஏறிக்கொண்டே போகும். உச்சிக்குப் போகும்போது அவர் சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டி, முகத்தைப் பின்திரைப் பக்கம் திருப்பிக்கொள்வார். தோள் மட்டும் குலுங்கும். குரல் கொட்டகைக் கூரையைத் தொடும். "எவ்வளவு துக்கம் பார், முகத்தைக் காட்ட மாட்டேங்குது பிள்ளை" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். நான் அழவில்லை. அந்த முதுகின்மேல் எனக்குக் காதல் வந்துவிட்டது.

கடைசி நாள் எங்கள் தெரு வியாபாரிகள் சேர்ந்து, சிறந்த கானத்துக்கென்று அவருக்கு ஒரு தங்க மெடல் கொடுத்தார்கள். அப்பா கமிட்டியில் இருந்ததால் என்னை மேடையில் தூக்கி விட்டார்கள். ராஜகுமாரன் எனக்காகக் குனிந்தார். அரிதார வாசனையும் தேங்காயெண்ணெய் வாசனையும். மெடலைக் குத்தினேன். அன்றே என் மாப்பிள்ளை முடிவாகிவிட்டார். அவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

இப்போது எங்கள் பெண் பாடசாலைக்குப் புது மண்டபம் கட்டி முடிந்திருக்கிறது. திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று ஆசிரியைகள் பேசிக்கொண்டிருந்தபோது, "மாஸ்டர் கந்தவேலுவை நான் அழைத்து வருவேன்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். தலைமை ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. சென்ற வருஷம் வேறொரு பள்ளிக்கூடம் பேர்போன பாடகர் என்று நம்பி யாரையோ வரவழைத்து, சபையே கூச்சல் போட்டதை அவர் பார்த்தவர். "அழைத்து வா. ஆனால் பெயரை மட்டும் அழைத்து வராதே. பாடுகிற ஆளை அழைத்து வா" என்றார்.

அதனால், போகிற வழியெல்லாம் யாரையும் நம்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். கப்பலையும் ரயிலையும் விட்டுவிடுகிறேன். அவற்றில் எல்லோரும் போகிறார்கள்.

சேலத்தில் ஜட்கா வண்டிக்காரரை முதலில் சந்தேகித்தேன். செவ்வாய்ப்பேட்டைக்குப் போகச் சொன்னால் குதிரை ஒரு சந்தில் நுழைந்து, கீற்றுக் கொட்டகை ஒன்றின் முன்னால் நின்றுவிட்டது. கொள்ளைக்காரர் கூடாரம் என்றே நினைத்தேன். வண்டிக்காரர் இறங்கிக் குதிரையின் காதில் கெஞ்சினார்.

"வாங்க சாமி. ஊட்டுக்கு அப்புறமா வரலாமுங்க. வண்டியில ஒறம்பரை இருக்காங்க, மானத்தை வாங்காதீங்க."

கொட்டகை குதிரையின் வீடாம்; ஒறம்பரை என்றது விருந்தாளியான என்னை. குதிரைக்கு இத்தனை மரியாதையா என்று கேட்டேன். "ஏனுங்க அம்மிணி, அது போனாத்தானுங்க நாம போக முடியும்?" என்றார். கொழும்பில் டிராம் வண்டியை யாரும் கெஞ்சுவதில்லை. அது தன் பாட்டுக்கு வரும், தன் பாட்டுக்கு நம்மை விட்டுவிட்டும் போகும்.

காப்பி கிளப்பில் தேநீர் கேட்டேன். எங்கள் தீவில் விளைந்த தேயிலை கடல் தாண்டி வந்து, கருப்பட்டியோடு கொதித்து, காப்பி டம்ளரில் காப்பி மாதிரியே நடித்துக்கொண்டிருந்தது. குடித்துக்கொண்டே கல்லாவில் இருந்தவரிடம் மாஸ்டர் கந்தவேலுவைத் தெரியுமா என்றேன்.

"தெரியாமயா? பாவம், செத்துப் போயிட்டாருங்களே" என்றார் அவர்.

பக்கத்து மேஜையில் இட்டிலி தின்றுகொண்டிருந்தவர், "யாரு செத்தது? பம்பாயில சினிமாப் படம் எடுக்கறாருங்க" என்றார்.

இலை எடுக்க வந்த அம்மாள், "பழனியில சாமியாராப் போயிட்டாருன்னு என்ற கொழுந்தனாரே பாத்துட்டு வந்தாருங்க" என்றாள்.

மூவரும் சத்தியம் செய்தார்கள். இறந்தவரா, பம்பாய்க்காரரா, சாமியாரா, யாரை எங்கள் மண்டபத்துக்கு அழைப்பது? "பிள்ளை, நீ கைலிக் கணக்குப் பாக்கத்தான் லாயக்கு. இதெல்லாம் விட்டுடு" என்றார் சித்தப்பா. அவர் சேலம் குண்டஞ்சு வேட்டி பார்க்கப் போனார். நான் விடுதி ஜன்னலில் சேர்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டு, எல்லோரையும் ஒரு சுற்றுச் சந்தேகித்து முடித்தேன்.

மறுநாள் குமாரபாளையத்துக்கு மோட்டார் பஸ். நிறைந்தால்தான் புறப்படும். நிறைந்த பிறகும் நிறையாத மாதிரியே ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சங்ககிரி துர்க்கத்து மலை கண்ணில் படும் இடத்தில் ரேடியேட்டர் கொதித்து ஆவி விட்டது. எல்லோரையும் இறக்கிவிட்டு கிளீனர் வாளியோடு கிணறு தேடிப் போனார். இலங்கையில் இப்படி வண்டி நின்றால் மழையில் நனைவோம். இங்கே நிழலுக்கு ஒரு வேலாமரம். அதன் அடியில் பத்துப் பேர்.

பக்கத்தில் உட்கார்ந்த ஒரு நெசவுக்கார அம்மாள் தூக்குப் போசியைத் திறந்து கம்பங்கூழும் மிளகாய் வற்றலும் எடுத்தாள். என்னைக் கேட்காமலே எனக்கும் ஊற்றினாள்.

"கொளும்புல கம்பு இருக்குதுங்களா?"

"இல்லை."

"அப்பறம் எதைக் குடிச்சு உசுரோட இருக்கறீங்க?"

கூழ் குளிர்ந்து, புளித்து, மிக நன்றாக இருந்தது. அதனால் இவளையும் சந்தேகித்தேன். கந்தவேலுவைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"நம்ம ஊருதானுங்க. ஆத்தங்கரையில சாயப்பட்டறை போட்டிருக்காங்க. தங்கமான மனுசன். போயிப் பாருங்க." கொஞ்சம் யோசித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாட்டு மட்டும் பாடச் சொல்லீராதீங்க அம்மிணி" என்றாள்.

ஏன் என்று கேட்பதற்குள் கிளீனர் ஹாரன் அடித்துவிட்டார்.

குமாரபாளையத்தில் இறங்கியபோது பவானிக்குப் போகும் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. அதற்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டு, தலையில் துண்டும் வாயில் வெற்றிலையுமாக, "பவாஆஆனி, பவாஆஆனி" என்று ஊருக்கே கேட்கக் கூவிக்கொண்டிருந்தார். நான் இறங்கிய வேகத்தில் என் பெட்டியைத் தூக்கிப் பவானி பஸ்ஸின்மேல் போட்டேவிட்டார்.

"என் பெட்டி! நான் பவானிக்குப் போகலை!"

"போகாட்டிப் போகுதுங்க. பாலத்துக்கு அக்கட்டால கூடுதுறை, சங்கமேசுவரர் கோயில். பாத்துட்டு வரலாமில்லீங்க?"

"பெட்டியை இறக்குங்க!"

"கோவிச்சுக்காதீங்க சாமி, எறக்கியாச்சு. பவாஆஆனி!"

திருட்டு முழி என்று மனதில் குறித்துக்கொண்டேன். அந்த ஆள் பெயர் குப்பண்ணன் என்று யாரோ சொன்னார்கள். அவர் கூவியது காதிலேயே நின்றது. கோபத்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பாவுக்குக் கைலி அனுப்பும் வியாபாரி வீட்டில் தங்கினோம். காலையில் சந்தகை பிழிந்தார்கள். பார்க்க எங்கள் இடியப்பம்தான். ஆனால் நாங்கள் மாவைப் பிழிந்துவிட்டு வேகவைப்போம். இவர்கள் வேகவைத்துவிட்டுப் பிழிகிறார்கள். சம்பலும் சொதியும் இல்லாமல் தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றுகிறார்கள். சரியான வழி எதுவென்று சித்தப்பாவும் வீட்டுக்கார அம்மாளும் வாதாடிக்கொண்டிருக்கும்போதே நான் ஆற்றங்கரைக்குப் புறப்பட்டேன். சித்தப்பா வாயில் சந்தகையோடு பின்னால் ஓடி வந்தார்.

சாயப்பட்டறையில் தொட்டிமேல் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். முழங்கை வரை இரண்டு கையும் நீலம். ஆனால் அந்த மூக்கு, அந்த நெற்றி! வில்லைக் கொடுத்தால் இப்போதே நாடு கடத்தலாம். என் சந்தேகம் முழுவதும் ஒரு நிமிஷம் லீவில் போய்விட்டது.

"ஆருங்க வேணும்?" என்று கேட்டார்.

உடனே லீவு ரத்தானது. அந்தக் குரல் தேங்காய் துருவுகிற மாதிரி இருந்தது.

கொழும்பிலிருந்து வருகிறோம் என்றதும் அவர் மனைவி பாவாயி குடிசைக்குள்ளிருந்து வெளியே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"இவரையா பாக்கறதுக்குக் கடல் தாண்டி வந்தீங்க? நானு தெனமும் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போயிட்டனுங்க. சாயம் படாத பக்கமாப் பாத்து உக்காருங்க கண்ணு."

நான் பரீட்சையை ஆரம்பித்தேன். கொழும்பில் கொட்டகை எங்கே? சரியாகச் சொன்னார். பக்கத்தில் என்ன? "டிராம் திரும்பற எடமுங்க. மணியடிச்சா வசனம் மறந்து போகும்." மெடல் குத்தியது யார்? "ஒரு சின்னப் பொண்ணுங்க. ஊசியை நெஞ்சுலயே குத்திப் போட்டுது. கத்தாம நின்னேன்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அது நினைவே இல்லை. ஆனால் இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. ஆள் சரி. முகம் சரி. பேச்சு எல்லாம் சரி. அந்தக் குரல் மட்டும் எங்கே போயிற்று?

பள்ளிக்கூட விழாவைச் சொல்லி, ஒரே ஓர் அடி பாடிக் காட்டச் சொன்னேன். தொண்டை கட்டியிருக்கிறது என்றார். மெதுவாகவே பாடட்டும் என்றேன். இன்று சஷ்டி என்றார். சஷ்டியில் பாடுவது புண்ணியமாயிற்றே என்றேன். அவர் மனைவியைப் பார்த்தார். பாவாயி சிரிக்கவில்லை.

"அந்த விடைபெறுகிற இடத்தையாவது நின்று காட்டுங்கள்" என்றேன். எனக்கே என் பிடிவாதம் பிடிக்கவில்லை.

அவர் கையைத் துடைத்தார். நூல் பிழியும் கம்பை எடுத்துத் தோளில் மாட்டினார். நின்றார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சாயத்தொட்டி, கொடிகள், ஈர நூல் எல்லாம் மறைந்து திரை தெரிந்தது. ஒரு அடி முன்னால் வைத்தார், உதட்டை அசைத்தார், உச்சி வரும் இடத்தில் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பினார். தோள் குலுங்கிற்று.

சத்தம் வரவில்லை. அவர் அப்படியே நின்றார். யாரையோ எதிர்பார்த்து நிற்பவர் மாதிரி நின்றார். கொடியிலிருந்து நீலம் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு திரும்பி, அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "பழக்கமுங்க அம்மிணி. திரும்புனா அது வந்துரும்."

"எது?"

"குரலுங்க."

பாவாயிதான் மீதியைச் சொன்னார். கப்பலில் வரும்போதே பையனுக்குத் தொண்டை உடைந்துவிட்டது. கொழும்பில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது, ஜனம் வந்துவிட்டது. கம்பெனி வாத்தியார், ஆர்மோனியப் பெட்டிக்காரரைப் பெட்டியோடு தூக்கி, மேடையோரத் தட்டி மறைப்புக்குப் பின்னால் உட்கார வைத்துப் பாடச் சொன்னார். கீழடிகளுக்குப் பையன் வாயசைப்பான். உச்சிக்கு வாயசைத்தால் பொய் தெரிந்துவிடும். அதனால் திரும்பிக்கொள்ளச் சொன்னார்.

நான் எந்த முதுகைக் காதலித்தேனோ, அது துக்கத்தால் திரும்பிய முதுகே அல்ல.

"மெடல் உங்க ஊருக்காரங்க பாட்டுக்குன்னு குடுத்தாங்க" என்றார் கந்தவேலு. "மேடையில நான் நின்னேன். எனக்குக் குத்துனாங்க. அவன் தட்டிக்குப் பின்னால பெட்டியை மூடிக்கிட்டு உக்காந்திருந்தான். 'இது அவனுக்கு'ன்னு நான் சொல்லியிருக்கோணும். சின்ன வயசு, சொல்லலீங்க. ஊரு வந்து குடுத்தனுப்புனேன். திருப்பியனுப்பிச்சுட்டான். இன்னிக்கு வரைக்கும் பேச்சில்லீங்க."

"யார் அவர்?"

"பேரை நான் சொல்றதில்லீங்க."

"பவானிக்குப் போறதுன்னா இவரு பாலத்து மேல நடந்தே போயிருவாரு" என்றார் பாவாயி. "பஸ் ஸ்டாண்டுப் பக்கமே தலை வெக்க மாட்டாரு. அந்தக் கூப்பாடு காதுல உழுந்துருமாமா."

பவாஆஆனி. நான் எழுந்த வேகத்தில் புடவையில் நீலம் பட்டது. அது இன்னும் போகவில்லை.

பஸ் ஸ்டாண்டில் குப்பண்ணன் ஒரு கிழவரைப் பஸ்ஸுக்குள் திணித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பெட்டி எங்கே என்று தேடினார். கொழும்பில் தட்டிக்குப் பின்னால் பாடியது நீங்களா என்று கேட்டேன். அவர் முகம் மூடிக்கொண்டது. இப்போது என்னைச் சந்தேகிப்பது அவர் முறை.

"ஆரு அனுப்பிச்சாங்க உங்களை? அவனா?"

"யாரும் அனுப்பவில்லை. கொழும்பிலிருந்து நானே வந்தேன்."

"கொளும்புக்கு வண்டியில்லீங்க. பவானிக்கு எடம் இருக்குது, ஏறுங்க."

"மெடலை மேடையில் குத்தியவள் நான்."

வெற்றிலையை ஓரமாகத் துப்பினார். "அப்ப நல்லாக் குத்துனீங்க சாமி. தட்டிக்கு ஓட்டை இருந்துச்சு. நானு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ராஜகுமாரனின் முகமும் இல்லை, உடம்பும் இல்லை. இவரும் கந்தவேலுவும் சேர்ந்து, கப்பலேறிச் சாப்பிடலாம் என்று ஒரு கதை கட்டியிருக்கலாமே? தலைமை ஆசிரியையின் குரல் காதில் கேட்டது. ஆகையால் நான் செய்யக்கூடிய ஒன்றைச் செய்தேன். அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன்.

"கூப்பிடுங்கள்" என்றேன்.

"எதைங்க?"

"பஸ்ஸுக்குக் கூப்பிடுவதை."

சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு "பவாஆஆனி" என்று எழுந்தது. அந்த 'ஆ' மேலே ஏறி, ஒரு சின்னப் படியில் தயங்கி நின்று, அதையும் தாண்டிக் கூரையைத் தேடிப் போயிற்று. கூரைதான் இல்லை; ஆற்றின் மேலே போய்விட்டது. ஏழு வயதில் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. "பிள்ளை, எல்லாரும் பாக்குறாங்க" என்றார் சித்தப்பா.

கொழும்புக்கு வர வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டும் என்று குப்பண்ணனிடம் கேட்டேன். உடனே மறுத்தார். பஸ் போயிற்று. அடுத்த பஸ் வந்தது. அதையும் நிரப்பி அனுப்பினார். பிறகு தானாகவே வந்து நின்றார்.

"தட்டி வெக்கக்கூடாதுங்க."

"வைக்க மாட்டோம்."

"பெட்டியோட நானு முன்னால உக்காருவேன். அவன் திரும்பவே கூடாது. மேல புடிக்கறப்ப என்ற மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கோணும். அதுக்கு ஒத்துக்கிட்டான்னா வாரேன். அவனே இங்க வந்து சொல்லோணும். ஆளு உட்டுச் சொல்லியனுப்பக் கூடாது."

இதைக் கொண்டுபோய்க் கந்தவேலுவிடம் சொன்னேன். அவர் நூலைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் பிழிய ஒன்றும் மிச்சம் இல்லை. "அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டா? அது முடியாதுங்களே அம்மிணி" என்றார் கடைசியில்.

பாவாயி அவர் கையிலிருந்து நூலைப் பிடுங்கிக் கொடியில் போட்டார். "நாளைக்குக் காத்தால குளிச்சுட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு இந்தக் கண்ணுகூடப் போறீங்க. போகாட்டி ராத்திரிக்குச் சோறில்லை."

எங்கள் கைலி மூட்டைகள் கட்டியாகிவிட்டன. சித்தப்பா நாளை மாலையே சேலம் திரும்ப வேண்டும் என்கிறார். எனக்கு இருப்பது காலை மட்டும். மாப்பிள்ளை கனவு சாயத்தொட்டியில் போயிற்று, அதைப் பற்றி ஒன்றுமில்லை. நாங்கள் தப்பான நெஞ்சில் குத்திய மெடல் ஒன்று இத்தனை வருஷம் பாவாயியின் பெட்டிக்குள் கிடந்தது. அதை அவர் இன்று என்னிடம் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

கந்தவேலு வருவாரா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆற்றங்கரைப் பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பாலத்துக்கு, ஒன்று பஸ் ஸ்டாண்டுக்கு. அவர் காலுக்குப் பாலத்து வழிதான் பழக்கம். ஆகவே நாளைக் காலை அவரைப் பாலத்துப் பக்கம் விடாமல் நான் நடப்பேன். பஸ் ஸ்டாண்டில், குப்பண்ணன் முதல் பஸ்ஸுக்குக் கூவ வாயெடுக்கும்போது, இவரை அவர் எதிரில் நிறுத்துவேன். அந்த 'ஆ' மேலே போகும் இடத்தில் இவர் பழக்கத்தில் முதுகைக் காட்டித் திரும்ப முயல்வார். தோளைப் பிடித்து முன்னால் திருப்புவதற்கு நான் பின்னாலேயே நிற்பேன்.